ஐயாத்துரையின் சவாரி மட்டை

மாட்டுவண்டில் சவாரிச் சங்கக் கூட்டம் முடிந்து சைக்கிளில் வந்த ஐயாத்துரை, படலையைத் திறக்கும்போதே வென்று வந்தவரின் முகத்தோடுதான் வந்தார். முற்றத்துப் பங்கர் பதுங்குகுழியின் மண்மூட்டைகள் மேல் காயப்போட்டிருந்த மிளகாயை அவர் மனைவி இராசேஸ்வரி சுளகில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சுப்போட்டுத்தான் வாறன்," என்றார். "இனிமேல் கூலிக்கு ஓடுறவனுக்குச் சவாரியில இடமில்லை. மாட்டுக்கு உரித்துக்காரன்தான் கயிறு பிடிக்கவேணும். அதுக்கும் சங்கத்தில ஓடிக்காட்டி அனுமதி மட்டை எடுக்கவேணும். மட்டை இல்லாதவன் தரவைக்குள்ள வண்டில் இறக்கேலாது. ராஜரத்தினத்தின்ர கொட்டம் இதோட சரி."

"நல்ல விசயம்தான்," என்றாள் இராசேஸ்வரி. சுளகை ஒருமுறை புடைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப எங்கட மாட்டுச் சோடியை ஆர் ஓடுறது?"

"நான்தான்."

சொல் வாயைவிட்டு வெளியே வந்தபிறகுதான் அதன் பாரம் அவருக்கே தெரிந்தது. இராசேஸ்வரி சுளகைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வயலுக்கு எரு ஏத்திக்கொண்டு போனாலே உங்களுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிராது," என்றாள்.

வட்டக்கச்சி ஊரில் ஐயாத்துரையின் மாடுகளைத் தெரியாதவர் இல்லை. இடப்பக்கத்து மாடு மயிலை, வலப்பக்கத்து மாடு கூழைக்கொம்பன். அவருடைய தொண்டையையும் எல்லோருக்கும் தெரியும். சவாரி நாட்களில் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு வாய்க்கால் வரம்பில் நின்று, "இடத்தாலை இழு! விடு, விடு! பிடியாதை!" என்று அவர் வைக்கும் சத்தம் தரவை வெளியில் ஓடும் வண்டில்களையும் தாண்டிக் கேட்கும். ஆனால் சவாரி மாடு வளர்த்த இத்தனை வருடத்திலும் ஒருநாளாவது அவர் சவாரி வண்டிலில் ஏறிக் கயிறு பிடித்ததில்லை. ஓடுவது அவருடைய மாடுகளைப் பார்க்கும் சங்கிலியின் வேலை. கத்துவது இவருடைய வேலை. அது யாரும் எழுதிவைக்காத ஒழுங்கு.

புதிய விதிகள் வந்ததற்குக் காரணம் தைப்பொங்கலுக்கு மறுநாள் நடந்த சவாரி. குண்டுவீச்சு விமானங்கள் பறந்த வருடங்களில் வெட்டவெளியில் சனம் கூடுவதை யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. இந்தத் தொண்ணூற்றைந்து தையில் சண்டை நின்று வானம் ஓய்ந்தது. எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாததால் எல்லோரும் அவசரப்பட்டார்கள். ஊரின் இன்னொரு சவாரி மாட்டுக்காரரான ராஜரத்தினம் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு கூலி ஓட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். அவன் பழக்கமில்லாத மாடுகளை ஆணி வைத்த தடியால் குத்த, அவை கோட்டைவிட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தன. ஒரு பொடியனின் தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சத்தம் போட்டார். "பிளேனில வாற மருந்தில பாதி கட்டுநாயக்காவைத் தாண்டி இங்கால வாறதில்லை. கிடக்கிற பிளாஸ்ரரை உங்கட விளையாட்டுக்கோ நான் தாறது?"

சங்கத் தலைவராக இருந்த கிராம அதிகாரி விதானையார் முதலில் சவாரியையே நிறுத்துவோம் என்றார். பிறகு சனத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவந்தார். ஓடுகிறவருக்கு மட்டை. மட்டைக்கு ஒரு பரீட்சை: தனியாக ஓடவேண்டும், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக்கூடாது, தடியில் ஆணி கூடாது, தூஷண வார்த்தை கூடாது, முடிவுக் கோட்டில் மாட்டை நிறுத்திக் காட்டவேண்டும்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். எழுந்துநின்று உரித்துக்காரர் விதியைச் சேர்க்கச் சொன்னவர் ஐயாத்துரைதான். ராஜரத்தினத்தின் கூலி ஓட்டியை நினைத்துச் சொன்னார். சங்கிலி தன் வளவுக்குள் இருப்பவன், தன் வீட்டு ஆள் என்றும் சொன்னார், அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ராஜரத்தினத்துக்கு இருந்தது. "சங்கிலி உங்கட வீட்டு ஆளோ அண்ணை? உங்கட கூப்பன் மட்டையில அவன்ர பேர் கிடக்கோ?"

கிடக்கவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து, ஐயாத்துரையின் வளவு மூலையில் கொட்டில் போட்டவன் சங்கிலி. அவன் குடும்பத்துக்குத் தனிப் பங்கீட்டு மட்டை.

"அப்ப நீங்களும் ஓடுங்கோ, நானும் ஓடுறன். கணக்குச் சரி," என்றார் ராஜரத்தினம்.

விதானையார் கேட்டார்: "தாங்களே ஓடத் தயாரான உரித்துக்காரர் கையை உயர்த்துங்கோ பாப்பம்."

ஊர்ச் சவாரி மாட்டுக்காரர் எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் எவன் கையைக் கீழே வைத்திருப்பான்? எல்லாக் கைகளும் மேலே போயின. முதலில் போனது ஐயாத்துரையின் கை.

சங்கிலிக்குச் செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவன் மாட்டுக்கொட்டிலில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். நல்ல பெரிய மீசை. அதற்கு அவன் நல்லெண்ணெய் பூசுவதாக ஊரில் கதை உண்டு.

"அப்ப நான் இனித் தண்ணி காட்ட மட்டுந்தான், என்ன ஐயா?"

"கோவிக்காதை. நான் ஒண்டை நினைச்சுச் சொன்னன், அது வேறை மாதிரிப் போயிட்டுது."

"கோவம் என்னத்துக்கு? உங்க மாடு, உங்க வண்டில். விழுந்தா உங்க எலும்பு." மயிலையின் முதுகைத் தட்டினான். "ஆனா ஒண்டு சொல்லவேணும். இதுகள் தடிக்கு ஓடாது. வாய்க்குத்தான் ஓடும்."

"என்ன வாய்?"

"என்ர வாய்தான். நான் பேசுற பேச்சு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். சங்கிலி ஓடும்போது பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்துவார்கள். ஐயாத்துரையோ பிள்ளையார் கோயிலில் தேவாரம் படிப்பவர். கோபம் உச்சிக்கு ஏறினாலும் 'மூதேசி' என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதுவும் இப்போது தூஷணத்துக்குத் தடை.

பின்னேரங்களில் அறுவடை முடிந்த வயலில் பழக்கம் தொடங்கினார்கள். ஐயாத்துரை வண்டிலில் ஏறிக் குந்தி, "ஓடு ராசா, ஓடடா மோனை," என்றார். மயிலை வைக்கோல் துண்டொன்றைப் பொறுக்கித் தின்றது. கூழைக்கொம்பன் திரும்பி அவரைப் பார்த்தது.

"பிச்சை கேக்கிற மாதிரி இருக்கு," என்றான் சங்கிலி. "ஐயா, மாட்டுக்கு என்ன தமிழ் தெரியுமோ? சத்தந்தானே கணக்கு. ஊர்ப்பேரைச் சொல்லிப் பாப்பம். இறுக்கிப் பிடியுங்கோ."

பிடிப்பதற்குள் சங்கிலி பின்னாலிருந்து அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "ஏ... குடமுருட்டி! அடேய் அக்கராயன்! கரியாலை நாகபடுவான்!"

குளங்களின் பெயர்கள்தான். ஆனால் அவன் சொன்ன விதத்தில் அவற்றைவிடக் கெட்ட சொல் உலகத்தில் இல்லைப்போல இருந்தது. மாடுகள் துள்ளிப் பாய்ந்தன. ஐயாத்துரை மல்லாக்காகப் பின்பலகையில் விழுந்தார். தலைக்குமேலே வானம் குலுங்கிக்கொண்டு போனது. கயிறு எந்தக் கையில் இருந்தது, இருந்ததா என்பதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று வரம்பு தாண்டி, பனங்கூடலுக்குக் கிட்ட மாடுகள் தாமாகவே நின்றபோது, அவர் இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார்.

சங்கிலி மூச்சிரைக்க ஓடிவந்தான். "பாத்தீங்களோ? ஓடுது!"

"ஓம், ஓடுது," என்றார் ஐயாத்துரை. பலகையை விடவில்லை.

அன்றிலிருந்து பயம் அவரை விடவில்லை. சோறு பிசைந்து வாயில் வைக்கும்போது வண்டிலின் குலுக்கம் நினைவுக்கு வரும். பிடி அப்படியே சோற்றுக் கோப்பைக்குத் திரும்பும். கால் முறிந்தால் சிறுபோகத்தை யார் விதைப்பது? அதுகூடப் பரவாயில்லை. அந்த வெட்டவெளியில், இத்தனை சனத்தின் முன்னால், பலகையைக் கட்டிப்பிடித்தபடி தான் போகும் காட்சியைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. வரம்பில் நின்று எத்தனை பேரைப் 'பயந்தான்கொள்ளி' என்று கத்தியிருப்பார்!

"எனக்குப் பயம், நான் ஓடேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் வாய் வெந்துபோகுமோ?" என்றாள் இராசேஸ்வரி.

"ஆருக்குப் பயம்? உமக்கு விசர்."

"அப்ப இந்தச் சோத்தை ஆர் தின்னுறது? பேய் வந்தோ?"

பரீட்சை நாள் காலையில் தரவையில் சனம் கூடிவிட்டது. சுண்ணாம்புக் கோடு இரண்டு நேராகக் கிழித்திருந்தது. முடிவுக் கோட்டில் விதானையார் கதிரை போட்டு இருந்தார். பழக்கதோசத்தில் சனம் இடைக்கிடை வானத்தைப் பார்த்துக்கொண்டது.

முதல் பெயர் ஐயாத்துரையுடையது. அவர் ஏறினார். மாடுகள் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றன. ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தன. குடமுருட்டி என்ற சொல் அவருடைய நாக்கு நுனியில்தான் இருந்தது. அவர் அதை விழுங்கினார். "போவம் ராசா," என்றார், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

மாடுகள் நடக்கத் தொடங்கின. கோயில் வீதியைச் சுற்றுவதுபோல நடந்தன. கோட்டைத் தொடவில்லை. நடுவில் ஒருமுறை கூழைக்கொம்பன் நின்று, ஆற அமரச் சாணி போட்டுவிட்டுப் பிறகு நடந்தது.

"அண்ணை, விதைநெல்லு ஏத்திக்கொண்டு போறியளோ?" என்று யாரோ கத்தினார்கள்.

"கவனம், காத்தில பறந்திடப்போறியள்!"

முடிவுக் கோட்டில் மாடுகள் நின்றன. விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கோடு தாண்டேல்லை. ஆணி இல்லை. தூஷணம் இல்லை. நிப்பாட்டியும் காட்டியாச்சு. இவ்வளவு வேகத்தில ஓடவேணும் எண்டு நாங்கள் விதி வைக்கேல்லை." அவருக்கும் சிரிப்பு வந்தது. "இந்தாரும் மட்டை."

ஐயாத்துரை சிரிப்புக்குக் கூசவில்லை. எலும்பு முழுசாக இருந்தது. ஒரு ஓரமாகப் போய் நின்று மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் ஒன்றைக் கவனித்தார். அடுத்து வந்தவரின் மாடுகளும் நடந்தே வந்தன. அதற்கடுத்தவர் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்து, கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லித் தவணை கேட்டார். மூன்றாமவரின் மாட்டுக்குத் தடிமன் காய்ச்சலாம். ராஜரத்தினம் வந்தார். அவருடைய மாடுகள் ஓடத்தான் பார்த்தன. ஆனால் அவர் கயிற்றை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவற்றைப் பின்னுக்கு இழுத்தபடியே முன்னுக்கு வந்து சேர்ந்தார். இறங்கும்போது அவருடைய வேட்டி வியர்வையில் நனைந்திருந்தது. மாசி மாதத்துக் காலைக் குளிரில்.

ஐயாத்துரை அதைப் பார்த்தார். பார்த்தும், தன் கண் பொய் சொல்கிறது என்றுதான் நினைத்தார். ராஜரத்தினமாவது பயப்படுவதாவது.

சவாரிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, எந்தச் சோடி எந்தச் சோடியோடு ஓடுவது என்று தீர்மானிக்க வாசிகசாலையில் கூடினார்கள். பெயரெழுதிய துண்டுகளைச் சட்டிக்குள் போட்டு விதானையார் எடுத்தார். முதல் ஓட்டம்: ஐயாத்துரையும் ராஜரத்தினமும்.

வாசலில் நின்ற இளசுகள் விசிலடித்தார்கள். "ஆர் மெதுவா வாறது எண்டு பந்தயமோ?"

விதானையார் கையை உயர்த்தி அடக்கினார். "ஞாயிற்றுக்கிழமை பரீட்சை இல்லை, சவாரி. பக்கத்தில ஒரு சோடி பாஞ்சால் மற்றச் சோடி தானாப் பாயும். கயிறை நெஞ்சில கட்டிக்கொண்டு நிப்பாட்டேலாது. விளங்குதோ? வேறை ஏதும் கதைக்க இருக்கோ?"

விதானையார் எழும்பக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். அந்தக் கதிரை நிலத்தில் உரசிய சத்தத்தோடு ஐயாத்துரை எழுந்து நின்றார்.

"எனக்கு ஏலாது," என்றார்.

"என்ன ஏலாது? நாரியோ?"

'ஓம், நாரிதான்' என்று சொல்ல எவ்வளவோ இலேசாக இருந்தது. பாதை திறந்து கிடந்தது.

"நாரி இல்லை. பயம்," என்றார் ஐயாத்துரை. "எனக்குப் பயம். வண்டில் பாஞ்ச உடனை நான் பலகையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தனான். சங்கிலி கண்டவன். பரீட்சையிலயும் மாடு ஓட ஏலாமல் இல்லை, நான்தான் ஓட விடேல்லை. இந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான். இப்ப என்ன வேணுமெண்டாலும் சொல்லிச் சிரியுங்கோ."

கதிரையில் இருந்துவிட்டார். அவர் ராஜரத்தினத்தின் சிரிப்புக்காகக் காத்திருந்தார். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதை இரண்டு கிழமையாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

ராஜரத்தினம் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெற்றியையும் கழுத்தையும் துடைத்தார். பிறகு சொன்னார்: "அண்ணை, நீங்கள் நல்லாயிருப்பியள். எனக்குச் சாப்பாடு இறங்கி மூண்டு நாளாச்சு."

யாரோ 'களுக்' என்றார்கள். அவ்வளவுதான். வாசிகசாலை இடிந்து விழுவதுபோலச் சிரிப்பு எழுந்தது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தவர் அதை அவிழ்த்து எல்லோருக்கும் கையை ஆட்டிக் காட்டினார். மாட்டுக்குத் தடிமன் என்றவர், "எனக்குத்தான் காய்ச்சல், மாடு நல்ல சுகம்," என்றார். விதானையாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட, அப்ப அண்டைக்கு எல்லாரும் என்னத்துக்கையா கையை உயர்த்தினியள்?"

"அவர் உயர்த்தினார், நானும் உயர்த்தினன்," என்றார் ராஜரத்தினம். "பேந்து கையை எப்பிடிக் கீழ பதிக்கிறது?"

சிரித்து முடிய விதியைத் திருத்தினார்கள். கூலி ஓட்டிகளைத் திரும்ப விடக்கூடாது என்பதில் மாற்றமில்லை. உரித்துக்காரன் என்பதை மட்டும் எடுத்துவிட்டு, மாட்டை நாளாந்தம் பார்க்கிறவன் எவனோ அவனுக்கே மட்டை என்று வைத்தார்கள்.

"நான்தான் பாக்கிறனான் எண்டு எவனும் வந்து சொல்லலாமே. என்னெண்டு பிடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"மாட்டைக் கேப்பம்," என்றார் விதானையார்.

மறுநாள் அப்படியே கேட்டார்கள். சோடியை அவிழ்த்துத் தரவை நடுவில் விட்டு, ஓட விரும்புகிறவரை வெறுங்கையோடு தூரத்தில் நிறுத்திக் கூப்பிடச் சொன்னார்கள். சங்கிலி நாக்கை ஒருமுறை சொடுக்கினான். மயிலையும் கூழைக்கொம்பனும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து அவனுடைய இடுப்புச் சாரத்தை நக்கின. ராஜரத்தினத்தின் மாடுகள் அவர் கூப்பிடக் கூப்பிட அவரைக் கடந்துபோய், வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர் மனைவி விமலேஸ்வரியின் சேலைத் தலைப்பில் முகத்தைத் தேய்த்தன.

"அப்ப மட்டை உங்களுக்குத்தான் தங்கச்சி," என்றார் விதானையார்.

"எனக்கு வீட்டில ஒண்டைக் கட்டி மேய்க்கவே நேரம் காணாது," என்றாள் விமலேஸ்வரி, ராஜரத்தினத்தைப் பார்த்துக்கொண்டு. அடுத்ததாக மாடுகள் போனது புல்லு வெட்டிப் போடும் அவளுடைய தம்பியிடம். மட்டை அவனுக்குப் போனது.

சங்கிலி தன்னுடைய மட்டையைக் கையில் வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்தான். "ஐயா, தகப்பன் பேரையும் போடலாமோ?" என்று கேட்டான். விதானையார் பேனையைத் திறந்து அதையும் எழுதிக் கொடுத்தார். ஐயாத்துரை பக்கத்தில் நின்றார். 'எங்கட வீட்டு ஆள்' என்று கூட்டத்தில் சொன்னது நினைவில் வந்தது. சங்கிலியின் தகப்பன் பெயர் முத்துக்கறுப்பன் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் ஐயாத்துரை மூன்றுமுறை சோறு கேட்டார். திருக்கைக் குழம்புச் சட்டியை வழித்துப் போட்ட இராசேஸ்வரி, "பேய் போயிட்டுதுபோல," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தரவையில் நிற்க இடமில்லை. ஐயாத்துரையும் ராஜரத்தினமும் வாய்க்கால் வரம்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கொடி விழுந்தது. இரண்டு சோடியும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. "குடமுருட்டி! ஏ அக்கராயன்!" என்ற சங்கிலியின் குரல் அரை மைலுக்குக் கேட்டது. அது தூஷணமா இல்லையா என்று விதானையார் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

"இடத்தாலை இழு! பிடியாதை, விடு! அடேய் சங்கிலி, உனக்கென்ன பயமோ?" என்று ஐயாத்துரை துள்ளித் துள்ளிக் கத்தினார். அவருடைய தொண்டை ஒருநாளும் அவ்வளவு தெளிவாகத் திறந்ததில்லை. ராஜரத்தினம் சால்வையைச் சுழற்றிக்கொண்டு தன் மைத்துனனுக்கு அதற்கு நேர்மாறான புத்திமதிகளைக் கத்தினார்.

ராஜரத்தினத்தின் சோடி ஒரு தலை முன்னுக்கு வென்றது.

ஐயாத்துரை வரம்பிலிருந்து குதித்து ஓடினார். மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு நின்றன. "கடைசியில ஏன் பிடிச்சனி? நான் விடு விடு எண்டு கத்த நீ பிடிக்கிறாய்! அந்த இடத்தில கொஞ்சம் விட்டிருந்தால் வெண்டிருப்பம். இந்தளவு துணிவு இல்லாமல் என்னடா சவாரி?"

புழுதியில் மீசை வெள்ளையாகிப்போன சங்கிலி வண்டிலிலிருந்து இறங்கினான். கயிற்றை இரண்டாக மடித்து, மரியாதையாக இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினான்.

"அடுத்த ஓட்டத்துக்கு ஆள் காணாதாம் ஐயா. உங்க மட்டை இன்னும் செல்லும்."

ஐயாத்துரை கயிற்றைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் ஓடினாய்," என்றார். "வா, தேத்தண்ணி குடிப்பம்."